தஷெல்ஹித் பேசக் கற்றுக்கொள்ள முழு வழிகாட்டி: எது முதலில், எது கடைசியில்

வட ஆப்பிரிக்காவின் பூர்வகுடி மொழிகளான பெர்பர் மொழிகளில் ஒன்றைப் பேசக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்பவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் எடுத்துக்கொண்டிருப்பது தஷெல்ஹித். தெற்கு மொராக்கோவில் சூஸ் என்று சொல்லும் அகாதிர், தாரூதந்த், திஸ்னித், தஃப்ராவுத் வட்டாரத்திலும் அதை ஒட்டிய அட்லஸ் மலைகளிலும் பேசுவது. 2024 கணக்கெடுப்பில் மொராக்கோ மக்களில் 14.2 சதவீதம் பேர் இதைப் பேசுவதாகப் பதிவாகியிருக்கிறது. அந்த நாட்டின் மூன்று பெரிய பெர்பர் வழக்குகளில் இதற்குத்தான் ஆள் அதிகம், அதனால் பேசிப் பழகவும் ஆள் கிடைக்கும்.

தொடங்கிவிட்டுப் பாதியில் நிறுத்தியவர்களைக் கவனித்ததில் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது, அவர்கள் எல்லோரும் வரிசையில்தான் தவறியிருக்கிறார்கள். எழுத்தில் தொடங்குவார்கள், கிடைத்த வழக்குகளை எல்லாம் கலந்து படிப்பார்கள், கடைசியில் ஊருக்குப் போய் நின்றதும் எதிரில் இருப்பவர் பிரெஞ்சுக்கு மாறிவிடுவார், வாயைத் திறக்கவே வாய்ப்பில்லாமல் போய்விடும். அதனால் கீழே உள்ளதை இதே வரிசையில் செய்யுங்கள்.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. இங்கே தஷெல்ஹித் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன், அடையாளத்துக்கு மட்டும். இந்த மொழியின் பாதி ஒலிகளைத் தமிழ் எழுத்து காட்டாது. 'ஃக்' என்று எழுதியிருக்கும் இடத்தில் பாரிஸ்காரர்கள் சொல்லும் பிரெஞ்சு 'ர'வைப் போலத் தொண்டையில் உரசி வரும் ஒலியை நினைத்துக்கொள்ளுங்கள். மற்றதை எல்லாம் காதால்தான் பிடிக்க வேண்டும்.

1. எந்த ஊர்ப் பேச்சு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

'பெர்பர்' என்று ஒரே மொழி கிடையாது. மொராக்கோவின் வடக்கில் ரிஃப் மலையில் தரிஃபித், நடுவில் மத்திய அட்லஸ் தமஸிஃக்த், தெற்கில் தஷெல்ஹித், அல்ஜீரியாவில் கபீலியா பகுதியின் கபில். இலக்கணத்தின் எலும்புக்கூடு ஒன்றுதான், ஆனால் தினமும் வாயில் வரும் சின்னச் சின்னச் சொற்கள் மாறிவிடும்.

இது ஏன் முதல் படி? இணையத்தில் கபில் பாடங்கள் நிறையக் கிடைக்கும், தேடினால் முதலில் அவைதான் கண்ணில் படும். அதைப் படித்துவிட்டு அகாதிர் போனவர், 'எனக்கு வேண்டும்' என்பதற்கு கபிலில் வரும் 'ப்ஃகிஃக்' என்று சொல்வார். சூஸ் பக்கம் அது 'ரிஃக்'. 'இப்போது' என்பது கபிலில் 'துரா', இங்கே 'ஃகிலாத்'. மறுப்புக்குக் கபிலில் வினைக்கு முன்னால் 'உர்', பின்னால் 'அரா' என்று இரண்டு பக்கமும் வேலி போடுவார்கள், தஷெல்ஹித்தில் முன்னால் 'உர்' மட்டும் போதும். இப்படி இரண்டையும் குழப்பிப் படித்தால் பிறகு பிரித்தெடுக்க இரட்டை வேலை.

தஷெல்ஹித்துக்குள்ளேயும் ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு. அதனால் ஒரு ஊரையோ குறைந்தபட்சம் ஒரு குடும்பத்தையோ பிடித்துக்கொண்டு அவர்கள் சொல்வதையே சரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து ஊர்க்காரர் 'அப்படி இல்லை, இப்படி' என்று திருத்தினால் தலையை ஆட்டிவிட்டு உங்கள் ஊர்ப் பேச்சிலேயே நில்லுங்கள், முதல் ஆறு மாதத்துக்காவது.

அப்புறம், 'பெர்பர்' என்ற பெயரை அவர்கள் முன்னால் சொல்லாமல் இருப்பது நல்லது, நிறைய பேருக்குப் பிடிக்காது. 'அமஸீஃக்' என்றோ, மொழியை நேராகத் 'தஷெல்ஹித்' என்றோ சொல்லுங்கள்.

2. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு இணைப்பு மொழி வேண்டும். பிரெஞ்சு கொஞ்சம் தெரிந்தால் போதும், இல்லையென்றால் மொராக்கோ அரபியான தாரிஜாவில் ஐம்பது சொற்கள். 'இதற்கு உங்கள் மொழியில் என்ன?' என்று கேட்கவும் பதிலைப் புரிந்துகொள்ளவும்தான் இது. அதற்கு மேல் தாரிஜா படிக்கக் கிளம்பாதீர்கள், தாரிஜா நன்றாக வந்துவிட்டால் எல்லோரும் அதிலேயே பேசி முடித்துவிடுவார்கள்.

பாடநூல் ஒன்று. அமெரிக்க பீஸ் கார்ப்ஸ் அமைப்பு தன் தொண்டர்களுக்காகத் தயாரித்த தஷெல்ஹித் பாடநூல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. டீக்கடை, சந்தை, வாடகைக்கு வீடு, உடம்புக்கு முடியவில்லை என்று கிராமத்தில் தேவைப்படுவதை வைத்தே ஓடும் புத்தகம். பிரெஞ்சில் இன்னும் நிறைய உண்டு, ஆனால் தொடக்கத்தில் ஒன்று போதும்.

கூகிள் மொழிபெயர்ப்பியில் 2024இல் தமஸிஃக்த் சேர்ந்தது (மத்திய அட்லஸ் வழக்கின் பெயரான இதையே பெர்பர் வழக்குகள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகவும் சொல்வார்கள்). அதில் வருவதைச் சூஸ் கிராமத்தில் அப்படியே சொன்னால் புரியும் என்று நம்பாதீர்கள்.

கைபேசியில் ஒலிப்பதிவு வசதி, பையில் அடங்கும் ஒரு சின்ன நோட்டு. நோட்டில் தமிழில் எழுத வேண்டாம். இலத்தீன் எழுத்தில், பாடநூலில் உள்ள குறிகளையே பயன்படுத்துங்கள். தமிழில் எழுதினால் ஒரு வாரம் கழித்துத் திரும்பப் படிக்கும்போது த, ட, ப, க எல்லாம் எந்த ஒலி என்று உங்களுக்கே தெரியாது.

எப்போது போவது என்பதும் தயாரிப்பில் சேர்ந்ததுதான். ஆகஸ்டில் போக ஆசைப்படுவார்கள், விடுமுறை என்பதால். அப்போது ஐரோப்பாவிலும் காஸாபிளாங்காவிலும் வேலை பார்க்கும் எல்லோரும் ஊர் திரும்பியிருப்பார்கள், ஊரே கல்யாணக் களையில் இருக்கும், பார்க்க அழகுதான், ஆனால் தெருவெல்லாம் பிரெஞ்சு கேட்கும். ஆலிவ் பறிக்கும் காலமான நவம்பர் வாக்கில் போனால் ஊரில் நிரந்தரமாக இருப்பவர்கள் மட்டும் இருப்பார்கள், கூடவே நின்று கை கொடுக்கலாம். ஒரே வேலை நாள் முழுக்க நடப்பதால் அதே சொற்கள் திரும்பத் திரும்பக் காதில் விழும், தொடக்கத்தில் வேறென்ன வேண்டும்.

3. முதல் இரண்டு வாரம் காது மட்டும்

மொராக்கோ அரசுத் தொலைக்காட்சியில் தமஸிஃக்த் சேனல் 2010 முதல் ஓடுகிறது. மூன்று வழக்குகளும் மாறி மாறி வரும், எனவே நிகழ்ச்சி தஷெல்ஹித்தில்தான் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இணையத்தில் தஷெல்ஹித் நகைச்சுவைக் காட்சிகளும் வீட்டுச் சண்டை நாடகங்களும் கொட்டிக் கிடக்கின்றன. செய்தியை விட இவை நல்லவை, ஏனென்றால் செய்தியில் புதிதாக உருவாக்கிய சொற்கள் அதிகம், வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை.

அர்த்தம் தேட வேண்டாம். ஒரு நிமிடக் காட்சியை எடுத்துக்கொண்டு எங்கே ஒரு சொல் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று மட்டும் கேளுங்கள். இதைத் தாண்டிக் குதித்துவிட்டு வாக்கியங்களை மனப்பாடம் செய்பவர்களுக்குக் கேள்வி கேட்க வரும், வரும் பதில் புரியாது.

4. நாக்கைப் பழக்குவது: தமிழர்கள் சறுக்கும் இடங்கள்

உயிரொலி மூன்றுதான்: அ, இ, உ. குறில் நெடில் வேறுபாடு கிடையாது. இது சுலபம். கஷ்டம் என்னவென்றால் உயிரே இல்லாத சொற்கள் ஏராளம். 'நீ செய்தாய்' என்பது 'த்ஸ்க்ர்த்', 'நீ கழற்றினாய்' என்பது 'த்க்க்ஸ்த்'. ஒரு உயிரெழுத்துகூட இல்லை.

நம் வாய் சும்மா இருக்காது, நடுவில் ஒரு இகரத்தையோ உகரத்தையோ செருகும். ஸ்கூலை இஸ்கூல் என்கிற பழக்கம் இங்கே நேராக அர்த்தத்தை மாற்றிவிடும். 'ஸ்க்ர்' என்றால் 'செய்' என்ற ஏவல். முன்னால் ஒரு இகரம் சேர்த்து 'இஸ்க்ர்' என்றால் 'அவன் செய்தான்'. நீங்கள் ஒருவரைச் செய்யச் சொல்கிறீர்கள், அவர் யார் செய்தான் என்று திரும்பிப் பார்ப்பார். சொல்லின் கடைசியில் பஸ்ஸு, கப்பு என்று உகரம் வைப்பதும் இதே வியாதிதான், அதையும் விட வேண்டும்.

பழகும் வழி: 'ஸ்ஸ்ஸ்' என்று நீட்டிப் பிடித்து, அதிலிருந்து குரலே கொடுக்காமல் 'க்'குக்குப் போய், பிறகு 'ர்'. முதலில் கிசுகிசுப்பாகச் சொல்லிப் பாருங்கள். கிசுகிசுக்கும்போது உயிர் செருகினால் உங்களுக்கே கேட்டுவிடும். நான் சொல்லிக்கொடுத்தவர்களில் இதைச் செய்தவர்களுக்குச் சீக்கிரம் வந்துவிட்டது.

இரட்டிப்பு நமக்குப் பிறவியிலேயே இருக்கிறது. கனி, கன்னி இரண்டையும் நாம் குழப்புவதில்லை, அதே போல 'இமி' என்றால் வாய், 'இம்மி' என்றால் என் அம்மா. ஐரோப்பியர்கள் மாதக்கணக்கில் திணறும் இடம் இது, நமக்கு வேலை மிச்சம். ஆனால் சொல்லின் தொடக்கத்தில் வரும் இரட்டிப்பு நமக்கும் புதிது: 'ஸ்ஸ்ன்ஃக்' (எனக்குத் தெரியும்), 'த்துஃக்' (மறந்துவிட்டேன்). முதல் மெய்யில் நாக்கை ஒட்டவைத்து ஒரு கணம் நிறுத்திவிட்டுத் திறங்கள்.

அழுத்த மெய்கள் என்று ஒரு கூட்டம் உண்டு, த, ஸ, ர போன்றவற்றின் கனத்த வடிவங்கள். மெய்யை நேராகக் கேட்டுப் பிரிக்க முயன்றால் வெகுநாள் ஆகும். பக்கத்தில் இருக்கும் 'அ'வைக் கவனியுங்கள், கனத்த மெய்க்குப் பக்கத்தில் அது வாயின் பின்பக்கம் போய் இருண்டு ஒலிக்கும். அந்த இருட்டைப் பிடித்தால் மெய் தானாக வரும்.

5. முதல் பேச்சு: நலம் விசாரிப்பதை நீட்டப் பழகுங்கள்

புத்தகம் 'அஸூல்' என்று தொடங்கும். இளைஞர்களும் மொழிப் பற்றுள்ளவர்களும் சொல்வார்கள். ஊர்ப் பெரியவர்கள் 'ஸ்ஸலாமு அலைக்கும்'தான். பெரியவர்களிடம் அதையே சொல்லுங்கள்.

அடுத்து 'மன்ஸாகின்?' (எப்படி இருக்கிறாய்), பெண்ணிடம் என்றால் 'மன்ஸாக்மின்?'. பதில் 'லாபாஸ், ல்ஹம்துல்லாஹ்'. இத்துடன் முடித்துவிட்டு நம்மவர்கள் விஷயத்துக்கு வந்துவிடுகிறார்கள். அங்கே அது பாதி வணக்கம். வீட்டில் எப்படி, பிள்ளைகள் எப்படி, உடம்பு எப்படி என்று இரண்டு பேரும் மாறி மாறி, சில சமயம் ஒருவர் பேச்சின் மேலேயே மற்றவர் கேட்டுக்கொண்டு போவார்கள். பதிலுக்கு யாரும் காத்திருப்பதில்லை. கை கொடுத்த பின் கையை நெஞ்சில் வைப்பதும் உண்டு.

இதை ஏன் முன்னால் வைக்கிறேன் என்றால், தினமும் சந்திக்கும் ஒவ்வொருவரோடும் பொழுது தவறாமல் நடக்கும் பேச்சு இது ஒன்றுதான். இதை முழு நீளத்துக்குத் தடங்கல் இல்லாமல் பேச வந்துவிட்டால் எதிரில் இருப்பவர் பிரெஞ்சை எடுக்கவே மாட்டார்.

நன்றிக்கு 'தன்மிர்த்' என்ற புதுச் சொல் இருக்கிறது, புரியும். பெரியவர்கள் வாழ்த்தாகச் சொல்வார்கள்: ஆணிடம் 'அக் இஸ்ர்ப்ஹ் ர்ப்பி', பெண்ணிடம் 'அம் இஸ்ர்ப்ஹ் ர்ப்பி', கடவுள் உனக்குப் பெருக்கிக் கொடுக்கட்டும் என்று. கிராமத்தில் இதுதான் காதுக்கு இயல்பாக இருக்கும்.

6. 'நீ' என்பதில் ஆண் பெண், மரியாதை

மேலே 'அக்', 'அம்' பார்த்தீர்கள். முன்னிலை ஒருமையில் ஆணுக்கு 'க்', பெண்ணுக்கு 'ம்'. 'உன் பெயர்' என்பது ஆணிடம் 'இஸ்ம் ன்ன்க்', பெண்ணிடம் 'இஸ்ம் ன்ன்ம்'. தனிச் சொல்லாக 'நீ' என்பதும் 'கிய்யி' (ஆண்), 'க்ம்மி' (பெண்). ஆறுதலான செய்தி, ஒருமை வினைச்சொல்லில் இந்த வேறுபாடு இல்லை. எல்லா வாக்கியத்தையும் இரண்டு வடிவத்திலும் சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். ஆண் ஆசிரியரிடம் படித்தவர்கள் ஊரில் இருக்கும் எல்லாப் பாட்டிகளையும் ஆணாக்கிவிடுகிறார்கள்.

தமிழர்களுக்கு மட்டும் வரும் இன்னொரு சங்கடம். எழுபது வயதுக்காரரை 'நீ' என்று கூப்பிட வாய் வராமல், பன்மையைப் போட்டு 'நீங்கள்' ஆக்கப் பார்ப்பார்கள். தஷெல்ஹித்தில் பன்மை பன்மைதான், அவர் பின்னால் வேறு யாரும் நிற்கிறார்களா என்று பார்ப்பார். மரியாதையை விளிச்சொல்லில் வையுங்கள்: பெண்களை 'அ லல்லா', வயதானவர்களை 'அ ல்ஹாஜ்', 'அ ல்ஹாஜ்ஜா'. அந்தச் சொல்லோடு 'நீ' வந்தால் குறைவே இல்லை.

உறவுச் சொற்களில் 'என்' ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. 'பாபா' என்றாலே என் அப்பா, 'க்மா' என் சகோதரன், 'உல்த்மா' என் சகோதரி. இதில் மறுபடி 'என்' சேர்க்காதீர்கள். உன்னுடையது என்றால் மட்டும் ஒட்டு: 'பாபாக்', 'க்மாக்'.

7. கேட்டு வாங்கும் வாக்கியங்கள், அதற்குள் ஒளிந்திருக்கும் இலக்கணம்

இலக்கண அட்டவணையோடு உட்கார வேண்டாம். பொருளைக் கேட்டு வாங்கத் தொடங்குங்கள், முக்கால்வாசி இலக்கணம் அதிலேயே வந்துவிடும்.

'ரிஃக் அமான்', எனக்குத் தண்ணீர் வேண்டும். 'உர் ரிஃக்', வேண்டாம். 'இஸ் த்ரீத் அதாய்?', டீ வேண்டுமா? ஆம் இல்லை என்று பதில் வரும் கேள்விக்கு முன்னால் 'இஸ்' போட்டால் வேலை முடிந்தது. கடைக்காரரிடம் 'இஸ் தார்க் அமான்?', தண்ணீர் இருக்கிறதா? கடையில் இருப்பது பெண் என்றால் 'தார்ம்'. 'தாரி' என்றால் என்னிடம் இருக்கிறது. தமிழில் 'என்னிடம் இருக்கு' என்கிற அதே கட்டமைப்பு, யோசிக்காமல் வரும்.

இப்போது கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டிய இடம். தண்ணீர் 'அமான்', கொஞ்சம் 'இமிக்'. கொஞ்சம் தண்ணீர் கொடு என்று கேட்டால் 'ஃப்கிய்யி இமிக் ன் வமான்'. 'அமான்' எப்படி 'வமான்' ஆனது? ரொட்டி 'அஃக்ரூம்', ஆனால் டீயும் ரொட்டியும் வேண்டும் என்றால் 'ரிஃக் அதாய் த் உஃக்ரூம்'. ஆள் 'அர்காஸ்', ஆனால் ஆள் வந்தான் என்றால் 'யுஷ்கா த் உர்காஸ்'. பெண் 'தம்ஃகார்த்', ஒரு பெண் 'யாத் த்ம்ஃகார்த்'.

மரம் என்பது வேற்றுமை ஏறும்போது மரத்தில், மரத்தை என்று மாறுகிறதே, அதே வேலை இங்கே சொல்லின் தலையில் நடக்கிறது. மாறும் இடங்கள் முக்கியமாக மூன்று: முன்னிடைச்சொல்லுக்குப் பின்னால் ('ன்', 'த்' போன்றவை), எண்ணுக்குப் பின்னால், வினைக்குப் பின்னால் எழுவாய் வரும்போது. செயப்படுபொருளாக வந்தால் மாறாது, அதனால்தான் 'ரிஃக் அமான்' அப்படியே இருந்தது. அரபியிலிருந்து வந்த பெரும்பாலான சொற்களுக்கும் இது கிடையாது.

புதியவர்கள் இங்கே இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். சிலர் அகராதியில் 'வமான்' தேடி, இல்லை என்று கைவிடுகிறார்கள். சிலர் விதியை நினைத்துக்கொண்டே பேசி ஒவ்வொரு சொல்லுக்கும் தடுக்கி நிற்கிறார்கள். மாற்றாமல் சொன்னாலும் புரியும், எனவே பேச்சை நிறுத்தாதீர்கள். 'இமிக் ன் வமான்', 'இமிக் ன் உஃக்ரூம்' என்று ஒட்டிய துண்டுகளாகவே நோட்டில் எழுதுங்கள், தனிச் சொல்லாக எழுத வேண்டாம். துண்டுகள் சேரச் சேர விதி காதில் ஏறிவிடும்.

கூடவே 'அவி' (கொண்டு போ), 'அவித்' (கொண்டு வா) இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் வரும் அந்த 'த்' பேசுபவர் பக்கம் நோக்கி என்று காட்டுவது, வா, போ என்று நாம் வினைக்குப் பின்னால் சேர்க்கிறோமே அதற்கு நெருக்கமானது.

8. வினைச்சொல்: மூன்று சட்டகங்கள், ஒரு வினை

காலம் காட்ட மூன்று சட்டகங்கள் போதும். குடிப்பது என்ற ஒரு வினையை எடுத்துக்கொள்வோம்: 'ராத் சுஃக்' குடிப்பேன், 'ஸ்விஃக்' குடித்தேன், 'அர் ஸ்ஸாஃக்' குடிக்கிறேன், வழக்கமாகக் குடிப்பேன். 'ராத்' வந்தால் எதிர்காலம், ஒன்றுமே இல்லாவிட்டால் முடிந்தது, 'அர்' வந்தால் நடந்துகொண்டிருப்பது.

அடிச்சொல்லே மூன்றிலும் மாறுவதைப் பாருங்கள். அதனால் புது வினை கிடைத்தால் இந்த மூன்று வடிவத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், ஒன்றிலிருந்து மற்றதை ஊகிக்கப் போனால் பாதி தவறும். முதல் மாதத்துக்கு இருபது வினை போதும்: வா, போ, சாப்பிடு, குடி, கொடு, எடு, செய், உட்கார், பேசு, வாங்கு, இப்படி.

வழக்கமான பிழை ஒன்று. 'ரிஃக்', 'ஸ்ஸ்ன்ஃக்' இரண்டும் வடிவத்தில் முடிந்தது போல இருந்தாலும் அர்த்தம் இப்போதைக்கு. நிகழ்காலம் என்று நினைத்து முன்னால் 'அர்' போடுகிறார்கள், வேண்டாம். மறுக்கும்போது சில வினைகளின் உள்ளே ஒரு இகரம் முளைக்கும்: 'ஸ்ஸ்ன்ஃக்' தெரியும், 'உர் ஸ்ஸின்ஃக்' தெரியாது. இந்தக் கடைசி வாக்கியம் தினமும் தேவைப்படும் என்பதால் தானாகவே பதிந்துவிடும்.

9. சந்தையும் ரியாலும்

எண்களில் ஆண் பெண் உண்டு: 'யான்' 'யாத்', 'சின்' 'ஸ்னாத்'. பத்து வரை தஷெல்ஹித்தில் படியுங்கள். விலைக்கு அரபி எண்களைத்தான் பெரும்பாலும் கேட்பீர்கள், அவற்றையும் படிக்க வேண்டும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. காசு திர்ஹம், ஆனால் சந்தையில் வாயில் வருவது ரியால். 20 ரியால் ஒரு திர்ஹம். நூறு ரியால் என்றால் 5 திர்ஹம், ஆயிரம் ரியால் என்றால் 50. 'மன்ஷ்க்?' (எவ்வளவு) என்று கேட்டுவிட்டு 'இருநூறு' என்று பதில் வந்ததும் மிரண்டு நகர்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர் கேட்டது 10 திர்ஹம். பத்தால் வகுத்து, மறுபடி இரண்டால் வகுத்துக்கொண்டு நிற்காமல், அடிக்கடி வரும் ஏழெட்டு விலைகளை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டு போங்கள்.

10. எதிரில் இருப்பவர் மொழி மாறும்போது

எல்லாப் படியிலும் கடினமானது இதுதான், பாடநூலில் இதற்குப் பக்கமே கிடையாது. தஷெல்ஹித் பேசும் ஆண்கள் கிட்டத்தட்ட எல்லோருக்கும் தாரிஜா தெரியும், பலருக்குப் பிரெஞ்சும் தெரியும். வெளிநாட்டவரைப் பார்த்ததும் உதவும் எண்ணத்தில் மாறிவிடுவார்கள். மரியாதையாகத்தான் செய்கிறார்கள், கோபப்படக் கூடாது. ஆனால் நீங்களும் கூடவே மாறிவிட்டால் அன்றைய பாடம் போச்சு.

முதலில், கேட்டுவிடுங்கள்: 'சாவ்ல் திதி ஸ் த்ஷ்ல்ஹித்', என்னோடு தஷெல்ஹித்தில் பேசு. அவர் பிரெஞ்சில் பேசினாலும் நீங்கள் தஷெல்ஹித்திலேயே பதில் சொல்லுங்கள், ஒற்றைச் சொல்லாக இருந்தாலும் பரவாயில்லை. பெயர் தெரியாத பொருளைத் தொட்டுக் காட்டி 'ம இகா ஃகாயாத்?' (இது என்ன) என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி உங்களை வாடிக்கையாளரிலிருந்து மாணவராக மாற்றிவிடும், அதன் பிறகு அவரே ஆசிரியர் வேலையை எடுத்துக்கொள்வார்.

இரண்டாவது, ஆளைத் தேர்ந்தெடுங்கள். அகாதிர் நகரத்தில் ஹோட்டல் வரவேற்பில் இருப்பவரிடம் பழக முடியாது, அவருக்கு வேலை இருக்கிறது. வேறு மொழி அவ்வளவாகப் பேசாதவர்கள் கிராமத்து வயதான பெண்கள்தான், மொழி கற்க அவர்களைவிட நல்ல ஆள் இல்லை. கற்பவர் பெண் என்றால் அடுக்களையும் வயலும் திறந்திருக்கும், அங்கேயே இருந்துவிடுங்கள். ஆண் என்றால் அந்த வழி அவ்வளவு சுலபமில்லை, தனியாக இருக்கும் பெண்களிடம் போய்ப் பேச்சுக் கொடுப்பதும் முறையாகாது. மளிகைக் கடைத் திண்ணை, மசூதிக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள், ஆட்டை மேய்த்துவிட்டு வருபவர்கள், இவர்களோடு உட்காருங்கள்.

மூன்றாவது, ஒரே கடை, ஒரே நேரம். நேற்று வாங்கிய அதே ரொட்டியை இன்றும் அதே ஆளிடம் வாங்குங்கள். புது ஊர் சுற்றிப் புது ஆட்களைப் பார்ப்பவர்கள் எப்போதும் முதல் ஐந்து வாக்கியங்களிலேயே நிற்கிறார்கள், தெரிந்தவரிடம்தான் ஆறாவது வாக்கியம் பிறக்கும்.

மொராக்கோ போக முடியாதவர்களுக்கும் வழி உண்டு. காஸாபிளாங்காவிலும் ரபாத்திலும் தெருமுனை மளிகைக் கடை வைத்திருப்பவர்களில் நிறைய பேர் சூஸ்காரர்கள், பாரிஸிலும் அப்படியே. பாரிஸில் இருக்கும் தமிழர்களே, இரவு வரை திறந்திருக்கும் அந்தச் சின்னக் கடையில் அடுத்த முறை பால் வாங்கும்போது ஊர் எது என்று கேட்டுப் பாருங்கள். திஸ்னித், தஃப்ராவுத் என்று பதில் வந்தால் உங்களுக்கு ஆசிரியர் கிடைத்துவிட்டார்.

ஒலிப்பதிவு செய்வதென்றால் கேட்டுவிட்டுத்தான், ஒவ்வொரு முறையும். பெண்கள் பலர் தங்கள் குரல் கைபேசியில் இருப்பதை விரும்புவதில்லை. 'உஹு' என்றால் இல்லை, அத்தோடு விட்டுவிடுங்கள்.

11. திஃபினாக் எழுத்து கடைசியில்

அரசுக் கட்டடங்களிலும் சாலைப் பலகைகளிலும் பெர்பர் மொழிகளுக்கான திஃபினாக் எழுத்தைப் பார்த்து ஆசைப்பட்டு அதில் தொடங்குபவர்கள் நிறைய. 33 எழுத்து, ஒரு வாரத்தில் வந்துவிடும், கஷ்டமே இல்லை. சிக்கல் என்னவென்றால் மொராக்கோ அதை ஏற்றது 2003இல், பள்ளியில் படித்த இளையவர்களைத் தவிர உங்களோடு பேசப்போகும் பெரியவர்களில் அதைப் படிக்கத் தெரிந்தவர் குறைவு. பேச வந்த பிறகு படியுங்கள், அப்போது பலகையில் இருக்கும் சொல் ஏற்கெனவே தெரிந்த சொல்லாக இருக்கும்.

12. ஊர் திரும்பிய பிறகு

பேசாமல் விட்டால் சீக்கிரம் போய்விடும் மொழி இது, ஏனென்றால் வெளியே வேறெங்கும் காதில் விழாது. கிளம்பும் முன் இரண்டு மூன்று பேரின் வாட்ஸாப் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். எழுதுவதை விடக் குரல் செய்தி அனுப்புங்கள், அவர்களும் அப்படித்தான் அனுப்புவார்கள், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் பேசுவார். வந்த குரல் செய்தியை அழிக்காமல் வைத்துக்கொண்டு அடுத்த வாரம் மறுபடி கேளுங்கள்.

எழுத்தில் வரும் செய்திகள் இலத்தீன் எழுத்தில், பிரெஞ்சு முறையில் இருக்கும், நடுவில் எண்கள் வரும். 3 என்றால் அரபியின் 'ஐன்' ஒலி, 7 என்றால் தொண்டையிலிருந்து வரும் 'ஹ', 9 என்றால் அடித்தொண்டை 'க'. புரியாவிட்டால் கண்ணால் முறைத்துக்கொண்டிருக்காமல் வாய்விட்டுப் படியுங்கள், முக்கால்வாசி காதுக்குப் புரிந்துவிடும். மீதியை ஒரு குரல் செய்தியில் கேட்டு அனுப்புங்கள்.